மனுவின் முதல் பெயர்

போன மாதம், நான் படித்த பெங்களூர்க் கல்லூரியில் என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கான கூட்டம் அது. பள்ளிக்கூட வயதிலேயே சுற்றுச்சூழலுக்காகக் களத்தில் இறங்கும் பிள்ளைகள் பின்னாளில் எப்படி உயர்ந்து வருகிறார்கள் என்பதற்கு என்னைச் சுட்டிக்காட்டித் துறைத் தலைவர் கால் மணி நேரம் பேசினார். தன்னம்பிக்கை வருமாம், தலைமைப் பண்பு வருமாம், நல்ல வேலை தேடி வருமாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மேல் கோபமில்லை. என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். நான் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பாதியை இப்போது எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் எழுதி நான் செய்துவைத்த காரியம் போதும்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து ராயக்கோட்டைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது ஏரியை ஒட்டி ஓர் ஆலை வந்தது. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற ஆலை என்றார்கள். வந்த இரண்டாம் வருடமே ஏரி நுரைக்கத் தொடங்கிவிட்டது. மழை பெய்தால் மதகுப் பக்கம் நுரை பொங்கி எழுந்து சாலை வரை வரும். பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தோட்டத்தில் தக்காளிச் செடிகள் பூவெடுக்கும்போதே கருகின. கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் மஞ்சளாக ஓர் ஆடை படிந்திருக்கும்.

இதே ஆலைதான் எங்கள் அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தது. அதன் மேல் ஆலையின் பெயர், வாசலில் இருந்த எங்கள் பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. வருடா வருடம் ஜூன் மாதம் 'நீரைக் காப்போம்' என்று ஓவியப் போட்டியும் நடத்துவார்கள். ஏரியைக் கெடுக்கிறவனே ஏரியை வரையச் சொல்லிப் பரிசும் கொடுப்பான். நாங்கள் வரிசையில் நின்று கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் என் தோழி ஏரியைக் கண்ணால் கண்டபடியே வரைந்து வைத்தாள். நுரை, குழாய், வயிறு வெளுத்து மிதக்கும் மீன் எல்லாம் அதில் இருந்தன. அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. நீலத் தண்ணீரும் தாமரையும் வரைந்த எனக்கு டிபன் பாக்ஸ் கிடைத்தது.

அவள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலனியைச் சேர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம் என்று மூன்றும் சரளமாகப் பேசுவாள். அவள் அம்மா எங்கள் தோட்டத்தில் களையெடுத்தவர். அப்பா அதே முலாம் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக லாரிகளுக்குச் சுமை ஏற்றினார். என் அப்பா, தன்னைவிட மூத்தவர் என்று தெரிந்தும், அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். இதெல்லாம் எனக்கு அப்போது கண்ணில் படவே இல்லை. வேதியியலில் அவளைப் பார்த்துத்தான் நான் பாஸானேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் பதினொரு பேர் இருந்தோம். மரக்கன்று நடுவதும் உறுதிமொழி எடுப்பதும்தான் மன்றத்தின் வேலை. அவள்தான் ஒருநாள் மதிய இடைவேளையில் சொன்னாள்: "சும்மா கன்னு நட்டுனு இருக்கறதுக்கு, அந்தக் கொழாத் தண்ணியப் புடிச்சிக் கொண்டும்போயி கலெக்டர் கிட்ட காட்டலாம்டி." எல்லோருக்கும் அது பெரிய வீர சாகசமாகத் தோன்றியது. தண்ணீரில் யார் இறங்குவது என்ற கேள்வி வந்ததும் பத்துப் பேர் கரையிலேயே நின்றுவிட்டோம். எனக்குத் தோலில் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அவள் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், குழாய் வாயிலேயே மூன்று பாட்டில்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒரு வாரம் கால்களைச் சொறிந்துகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். அவள் பாட்டிலோடு கரையேறியதும் அவர் முகம் சுளித்தார். "இப்பிடி நனஞ்ச துணியோட போட்டா நல்லாருக்காதும்மா. நீ புடி, நீ புடி" என்று பாட்டிலை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் தலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். இஸ்திரி போட்ட சீருடை, கையில் கறுப்புத் தண்ணீர் பாட்டில். படம் அருமையாக வந்திருந்தது. அவள் படத்தின் சட்டத்துக்கு வெளியே, துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

மனுவை எழுதுகிற பொறுப்பு என்னுடையது, கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதுகிற கேள்வி வருமே, அந்த முறைப்படியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று ஒன்றுவிடாமல். முகவரி விட்டுப்போனால் மதிப்பெண் குறையும் என்று பழகிய கை. அதனால் பதினொரு பேருக்கும் தகப்பனார் பெயர், கதவிலக்கம், தெரு எல்லாம் சேர்த்து எழுதினேன். எங்களுக்கு எதிரில் இருப்பது விடைத்தாள் திருத்துகிறவர் அல்ல என்று எவருக்கும் தோன்றவில்லை. படித்துப் பார்த்துச் சரி என்ற ஆசிரியருக்கும் தோன்றவில்லை.

முதலில் எழுதிய பிரதியில் என் பெயர்தான் முதலில் இருந்தது. வீட்டில் அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"உம் பேரு எதுக்கு மொதல்ல இருக்குது? நாளிக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போனா என்னா ஆவறது? தண்ணில எறங்குனது அந்தப் புள்ளதான? அது பேரப் போடு. உன்னுத கடைசில போட்டுக்க, போதும்."

புதிதாக ஒரு தாள் எடுத்து மாற்றி எழுதினேன். மறுநாள் பள்ளியில் அவளிடம் வேறு மாதிரிச் சொன்னேன். "நீதான் தண்ணில எறங்குன. உம் பேருதான் மொதல்ல வரணும்."

"நெசமாவா? மொதல்லயேவா?" என்று கேட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. அந்த மனுவில் இருந்த ஒரே பொய்யை நான் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன், அதுவும் பெருந்தன்மை போல.

ஒரு திங்கட்கிழமை, மனு நாள் பார்த்து, பேருந்து ஏறிக் கிருஷ்ணகிரி போய் மனுவையும் பாட்டிலையும் கொடுத்தோம். ரசீதுச் சீட்டு ஒன்று கிடைத்தது. திரும்பும் வழியில் மாம்பழச் சீசன் என்று மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றுகொண்டு வந்தோம். நாட்டையே திருத்திவிட்ட மாதிரி ஒரே ஆட்டம்.

பல பேர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தால் அலுவலகங்களில் அதை எப்படிக் குறிப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் பெயரை எழுதி, 'மற்றும் பலர்' என்று போட்டு முடித்துவிடுவார்கள். பத்துப் பெயரையும் எழுதிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த மனு மேசை மேசையாகப் போன இடத்திலெல்லாம் அவள் பெயர் மட்டும் போயிற்று. நாங்கள் பத்துப் பேரும் அந்தப் பலரில் கரைந்துவிட்டோம்.

ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பே குழாய் நின்றுவிட்டது. ஏரியில் ஒரு பொட்டு நுரை இல்லை. வந்தவர்கள் மதகுப் பக்கம் சாவகாசமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பழையபடி நுரை. சில வாரங்கள் கழித்து அவள் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஏரி நீர் மாசு தொடர்பாகச் செல்வி இன்னார் மற்றும் பலர் அளித்த மனு' என்று பொருளில் இருந்தது. அளவுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று உள்ளே இரண்டு வரி. கீழே நகல் என்று போட்டிருந்த இடத்தில் ஆலையின் பெயரும் இருந்தது.

அவள் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கோபுர முத்திரையும் மகள் பெயரும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் லாமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். "கெவர்மென்ட்டே எம் பொண்ணுக்கு லெட்டர் போட்டுருக்குது" என்று காலனி முழுக்கக் காட்டினார். ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடமும் காட்டினார். அந்த மாதக் கடைசியில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு ஆள் குறைப்பு என்றார்கள். அவர் காட்டியிருக்காவிட்டாலும் நகல் போயிருக்கும். ஆனால் அவள் அம்மா இன்றுவரை அந்த மனுஷனைத்தான் திட்டுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி ஒட்டிய கோப்பை எடுத்துக்கொண்டு நான் பெங்களூருக்கு நேர்முகத்துக்குப் போனேன். என் மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி கிடைத்திருக்காது. படத்தைப் பார்த்ததும் அங்கிருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இந்தப் போராட்டத்தில் உன் பங்கு என்ன?" என்று கேட்டார்கள். "நான்தான் ஒருங்கிணைத்தேன்" என்றேன். நாங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் அறிவியலில் இடம் கிடைத்தது. பிறகு மேற்படிப்பு. இப்போது ஆலைகளுக்கு நிலைத்தன்மை அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. தினமும் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிறேன். ஆலைகள் எவ்வளவு பசுமையாக இருக்கின்றன என்று வழவழப்பான தாளில் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

அவள் வேதியியலில் பள்ளியில் முதல். அரசுக் கல்லூரியில் அதே பாடத்தை எடுத்து முதல் வகுப்பில் முடித்தாள். எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு ஆலை ஆய்வகத்தில் வேலை கிடைப்பது அதிசயமில்லை. ஆலைகள் நேரே ஆள் எடுப்பதும் குறைவு, ஒப்பந்தக்காரர்கள் வழியாகத்தான். ஒரே ஒப்பந்தக்காரர் பல ஆலைகளுக்கு ஆள் அனுப்புவார். முதலில் ஓர் ஆலையில் நான்கு நாள் பயிற்சிக்குப் போனாள். ஐந்தாம் நாள் காலை வாசலில் அவளுக்கு மட்டும் பாஸ் வரவில்லை. கூட வந்த பெண்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவள் மதியம் வரை காவலாளி அறைக்குப் பக்கத்தில் நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இன்னோர் இடத்தில் ஆள் எடுக்கிறவர் மனதில் பட்டதை உடைத்தே சொல்லிவிட்டார்.

"அந்த ஏரி கேசு பொண்ணு நீதானம்மா? உன்ன உள்ள வுட்டா நாளிக்கு எங்கிட்ட ஆளு கேக்க மாட்டாங்க. கோச்சிக்காத."

கேசு! எந்தக் கேசு? யார் எந்த நீதிமன்றத்துக்குப் போனார்கள்? பதினாறு வயதுப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் போய்க் கொடுத்த ஒரு பக்க மனு. அதைக் கேசு என்று பெயர் வைத்து, எத்தனையோ ஆலைகள் இருக்கிற இந்தப் பக்கத்தில் ஓர் ஆலையின் கதவுகூட அவளுக்குத் திறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத தண்டனை இது. தீர்ப்பு எழுதியது யார் என்றும் தெரியாது, எத்தனை வருடம் என்றும் தெரியாது.

அவள் ரோஜாப் பண்ணையில் சேர்ந்தாள். பசுமைக்குடிலில் பறித்து வருகிற பூக்களைக் குளிர் அறையில் நின்று தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்ட வேண்டும். முள் குத்திய விரல்களில் மருந்தடித்த இலை பட்டு எரியும். பிப்ரவரியில் காதலர்களுக்காக இரட்டை ஷிப்ட். நான் அவளை எப்போதாவது ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் பார்ப்பேன். "எப்பிடிடி இருக்க?" என்று அவள்தான் முதலில் கேட்பாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவசரமாக ஏதோ பேசிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவேன். இதற்கிடையில் என் அப்பா கருகிப்போன தக்காளித் தோட்டத்தைச் சமன் செய்து, அதே ஆலையின் லாரிகள் நிற்பதற்கு வாடகைக்கு விட்டிருந்தார். எங்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் சேதம் வரவில்லை.

சால்வை போர்த்திய அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் பார்க்க வந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்தோம். பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"லெட்டர் ஒண்ணு எழுதணும்டி. உங் கையெழுத்துதான் நல்லாருக்கும்."

புதிதாக வந்திருக்கும் ஒரு பெரிய ஆலைக்கு ஆய்வக வேலைக்குப் பெண்கள் எடுக்கிறார்களாம். தேர்வில் அவள் தேறிவிட்டாள். இருபத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்; அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. ஒப்பந்தக்காரரின் அலுவலக மேலாளர், பழைய மனு விஷயமாக மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். அதோடு பட்டியல் முடிகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னாடி இது அநியாயம்? மன்னிப்பு எதுக்குக் கேக்கணும்? இதெல்லாம் சட்டப்படி செல்லாது. கேக்கறதே தப்பு. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேப்போம், உம் பேரு எங்கேர்ந்து எங்க போச்சின்னு..."

அவள் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டாள். "கேட்டா, அதுல யாரு பேரப் போடுவ?"

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். "எம் பேரப் போடறேன்" என்றேன்.

"போடு. இத்தினி வருசமா ஏன் போடல?" அவள் குரலை உயர்த்தவில்லை. "சரி வுடு. அத அப்பறம் போட்டுக்க. இப்ப இத எழுது."

எழுதினேன். 'பள்ளிப் பருவத்தில் அறியாமையால்' என்று தொடங்கியதும் அவள் தாளின் மேல் விரலை வைத்தாள்.

"அறியாமன்னு எழுதாத. கெமிஸ்ட்ரில ஸ்கூலு பஸ்ட் நான். தெரிஞ்சிதான் செஞ்சேன்."

"அப்ப என்னன்னுதான் எழுதறது?"

"இனிமே எந்த மனுவும் குடுக்க மாட்டேன்னு எழுது. அது நெசம். குடுக்க மாட்டேன்."

அந்த ஒரு வரியைத்தான் எழுதினோம். மறுநாள் நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த மேலாளரை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

மேலாளர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. தொலைபேசியில் கன்னடத்தில் பேசிக்கொண்டே அவளைத் தெலுங்கில் உட்காரச் சொன்னார். என்னைத் தமிழில் விசாரித்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டதும் மேடம் ஆகிவிட்டேன். எனக்கு மட்டும் டீ வந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பத்தாதும்மா. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சி, வெளையாட்டுத்தனமா குடுத்துட்டேன்னு ஒரு வரி வேணும். கம்பெனில அதத்தான் எதிர்பாக்கறாங்க. எனக்கு என்னா, நான் நடுவுல நிக்கறவன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "சார், அந்த மனுவ எழுதுனது நான். ஒவ்வொரு எழுத்தும் என் கையெழுத்து. எங்கப்பா சொன்னாருன்னு என் பேர எடுத்துட்டு இவ பேர மொதல்ல போட்டதும் நான்தான். எழுதி வாங்கணும்னா எங்கிட்ட வாங்குங்க."

ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா சொல்லித்தான் பெயரை மாற்றினேன் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மேலாளர் முகமெல்லாம் சிரிப்பானார். "அப்பிடியா மேடம்! ஸ்கூல் படிக்கும்போதேவா? சூப்பர் மேடம்! எம் பொண்ணு நைன்த் படிக்கறா. காலேஜ் சீட்டுக்கு இந்த மாதிரி சோசியல் வொர்க்கெல்லாம் கேக்கறாங்களாமே? அவளுக்குக் கொஞ்சம் ஐடியா குடுங்களேன். ஏரி, கொளம்னு எதாச்சும்."

"அப்ப என் பேருலயும் எழுதி வாங்கிக்கறீங்களா?"

"உங்க பேரு எங்களுக்கு வரலியே மேடம். அந்தம்மா பேருதான வந்துருக்குது."

ஒரே குற்றம். நான் ஒப்புக்கொள்கிறேன் என்று எதிரில் வந்து நிற்கிறேன். எனக்கு டீயும் பாராட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு மன்னிப்புக் கடிதம் பத்தவில்லையாம். அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாம் என்று இருந்தது. கவிழ்த்திருந்தால் என் நிறுவனத்தில் என்னை இன்னொரு மேடையில் ஏற்றியிருப்பார்கள். அவள் ரோஜாப் பண்ணைக்குத் திரும்பிப் போயிருப்பாள்.

அவள் புதிய தாளை என் பக்கம் தள்ளினாள். "எழுதுடி."

"என்னான்னு?"

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சின்னு எழுது."

நான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் அந்த நாளின் தடிப்புகள் கறுத்துப் போய்த் தழும்பாக இருப்பது எனக்குத் தெரியும். அவள் அப்பாவின் வேலையும் எங்கள் தக்காளியும் செத்த மீனும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தே, அழகான கையெழுத்தில், மேற்படி ஏரியின் நீர் நல்ல நிலையிலேயே இருந்தது என்று எழுதினேன். விளையாட்டாக அளித்த மனுவுக்கு வருந்துகிறேன் என்றும் எழுதினேன். அவள் இரண்டு தரம் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். மேலாளர் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்து, வெள்ளிக்கிழமை மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "உங்கப்பா சொல்லித்தான் மாத்துனயா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை கிடைத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து நேற்று போனில் கூப்பிட்டேன். ஆய்வகம் ஏசி அறையாம். கேன்டீன் சாப்பாடு பரவாயில்லையாம். ஆலைப் பேருந்து காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் வழியாகவே வருகிறதாம். விரல்களில் காயம் ஆறிவிட்டது என்று சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. கேட்க எனக்கும் நிம்மதியாக இருந்தது.

"பஸ்ஸுல சீட்டு கெடைக்குதா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"கெடைக்குது. ஏரிகிட்ட வரும்போதுதான் கஷ்டம். பொண்ணுங்க எல்லாம் துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கறாங்க. நான் மட்டும் பொத்தறதில்ல."

"ஏன்டி?"

"சூப்பர்வைசரும் அதே பஸ்ஸுலதான் வர்றாரு. நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டேன் இல்ல?"